காற்று வாங்குவது

பின்னேரமானால் திருகோணமலைச் சனம் டச்பே கரைக்குக் காற்று வாங்கப் போகும். வாங்குவது என்றுதான் சொல்கிறோம். காசு கொடுப்பது கச்சான் சுருளுக்கு மட்டும். காற்று இலவசம். காற்றால் நிறம் தெளிக்கும் எயார்பிரஷ் பழக நினைக்கிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் உண்மையாகவே காசு கொடுத்துக் காற்று வாங்க வேண்டும். கையில் பிடிக்கும் அந்தப் பளபளப்பான பேனா, அந்தக் காற்றுக்குப் போடும் மூடி மாதிரித்தான். இது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. பேனாவை முதலில் வாங்கிவிட்டேன்.

நான் வாங்கியது இணையத்தில் கண்ட ஒரு பெட்டி. ஊசித்துளை 0.3 மில்லிமீட்டர், கீழே கைபேசி போல மின்னேற்றும் குட்டிப் பம்பு, கூடவே நாலைந்து குப்பி நிறம். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு காரியம். அயோஷிமா நிறுவனத்தின் 700இல் ஒரு பங்கு அளவு ஹேர்மிஸ் கப்பல் மாதிரி ஒன்று என்னிடம் கிடந்தது. அதற்குச் சாம்பல் நிறம் அடிக்க வேண்டும்.

ஹேர்மிஸ் நம் துறைமுகத்துக் கதை. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதல் கப்பல்களில் ஒன்று அது. ஜப்பானியர் வருகிறார்கள் என்ற எச்சரிக்கையில் 1942 ஏப்ரல் 8 இரவு இங்கிருந்து வெளியேறியது. மறுநாள் காலை துறைமுகத்திலும் சீனக்குடா விமானத்தளத்திலும் குண்டு விழுந்தது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் ஹேர்மிஸையும் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். அதன் நீளம் ஏறத்தாழ 182 மீட்டர். என் மேசையில் 26 சென்ரிமீட்டர்.

இந்தச் சுருக்கத்தில்தான் எயார்பிரஷ் ஏன் வேண்டும் என்பதற்கான கணக்கு இருக்கிறது. தூரிகையால் பூசும் நிறம் சாதாரணமாக 0.1 மில்லிமீட்டர் தடிப்பில் நிற்கும் என்று வையுங்கள். அதை 700ஆல் பெருக்கினால் 7 சென்ரிமீட்டர். அதாவது உண்மைக் கப்பலின் மேல் நாலு விரல் தடிப்பில் சாந்து பூசிய மாதிரி. கம்பித் தடுப்புகளும் ஏணிகளும் அதற்குள் புதைந்து போகும். எயார்பிரஷ் அடிக்கும் ஒரு பூச்சு 10 முதல் 20 மைக்ரோமீட்டர். பெருக்கினால் ஒரு சென்ரிமீட்டர் அளவு. கண் அதை மன்னித்துவிடும்.

சரி, நிறம் எப்படி அவ்வளவு சிறு துளியாகிறது? கருவியின் நுனியில் இரண்டு வாசல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. உள்ளே நிறம் வரும் மூக்கு, அதன் நடுவே ஊசி. வெளியே மூக்கைச் சுற்றி வளையம் போல ஒரு இடுக்கு. காற்று அதன் வழியே பாய்கிறது. பாயும் காற்று மூக்கு நுனியில் நிற்கும் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. கண்டி வீதியில் பஸ் ஒன்று விரைந்து போனால் தெருவோரத்துக் கடதாசியும் பின்னால் ஓடுமே, அதே இழுவைதான். நுனியில் அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவை நிரப்ப நிறம் வெளியே வருகிறது. வேகமான காற்றில் அழுத்தம் குறைவு என்று பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் சொல்லித்தருவார்கள். அந்த வரி மட்டும் போதாது. திறந்த வெளிக்கு வந்துவிட்ட காற்றுத் தாரைக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தை ஒட்டியே இருக்கும். குறைவு உண்டாவது அது பக்கத்துக் காற்றை அள்ளிக்கொண்டு போகும் இடத்தில்தான்.

வெளியே வந்த நிறத்துக்கு அடுத்து நடப்பது கிழிபடுதல். துளியைத் துளியாக வைத்திருப்பது பரப்பிழுவிசை. பிய்க்கப் பார்ப்பது காற்றின் மோதல். துளி சிறுக்கச் சிறுக்கப் பரப்பிழுவிசையின் பிடி இறுகும். இரண்டும் சமமாகும் இடத்தில் கிழிபடுவது நிற்கும். செக்கனுக்கு 100 மீட்டர் வேகக் காற்றில் அந்த எல்லை ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டர். வேகம் இரட்டித்தால் எல்லை காற்பங்காகும், 7 அல்லது 8 மைக்ரோமீட்டர். ஒரு தலைமயிரின் தடிப்பு 70 அளவில் இருக்கும். ஆக நல்ல பூச்சின் இரகசியம் ஊசியில் பாதி, காற்றின் வேகத்தில் பாதி. கருவியின் வாசலில் வளிமண்டலத்துக்கு மேல் 0.9 பார், அதாவது 13 பிஎஸ்ஐ அழுத்தம் வந்து சேர்ந்தாலே இடுக்கில் பாயும் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். மாதிரி செய்கிறவர்கள் 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை வைத்து அடிப்பது ஏதோ பழக்கத்தால் வந்ததல்ல.

என் குட்டிப் பம்பு இந்த இடத்தில்தான் தோற்றது. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க அதில் வழியில்லை. மின் இறங்க இறங்கக் காற்றும் இறங்கியது. ஹேர்மிஸின் ஓடுதளத்தில் சாம்பல் மூடுபனிக்குப் பதிலாகச் சாம்பல் அம்மை போட்டது.

அடுத்து என் மனம் போனது கார்ச் சக்கரத்துக்கு. சக்கரத்தில் அடைத்த காற்றில் எயார்பிரஷ் ஓட்டுவது பழைய தந்திரம். அதற்கென்று இணைப்புகள்கூட விற்றார்கள். 35 லீற்றர் கொள்ளும் சக்கரத்தில் 2 பார் காற்று இருந்து, அது 1 பாருக்கு இறங்கும்வரை அடித்தால் நமக்குக் கிடைப்பது வெளிக்காற்றின் கணக்கில் 35 லீற்றர். எயார்பிரஷ் நிமிடத்துக்கு 10 முதல் 15 லீற்றர் குடிக்கும். மூன்று நிமிடத்தில் ரயர் கடைக்கு ஓட வேண்டும். தகரத்தில் அடைத்த வாயுவும் இதே கதை, விலை மட்டும் அதிகம். உள்ளே திரவமாக இருப்பது ஆவியாகும்போது தகரத்தின் சூட்டையே எடுத்துக்கொள்கிறது, தகரம் குளிர்கிறது, குளிர்ந்தால் அழுத்தம் விழுகிறது. வெந்நீர்ச் சட்டியில் தகரத்தை நிறுத்தி வைத்து அடிக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டால் சிரிக்க வேண்டாம். பௌதிகம் அவர்கள் பக்கம். ஆனால் மூன்று நாலு தகரத்தின் காசைச் சேர்த்தால் கொம்பிரசரை நோக்கிப் பாதி வழி போயிருக்கலாம்.

தொட்டி இல்லாத கொம்பிரசர் மலிவு. அதிலும் ஒரு சிக்கல். மோட்டர் நிமிடத்துக்கு 1,450 தரம் சுற்றினால் காற்று செக்கனுக்கு 24 தரம் துடிக்கும். கையைச் செக்கனுக்கு 10 சென்ரிமீட்டர் நகர்த்தினால் 4 மில்லிமீட்டருக்கு ஒரு துடிப்பு கோட்டில் பதியும். நீளமான குழாய் இதைக் கொஞ்சம் மழுப்பும். 3 லீற்றர் தொட்டி ஒன்று இருந்தால் துடிப்பே தெரியாது. தொட்டியில் 3 பாருக்கு இறங்கினால் தானே ஓடத் தொடங்கி 4 பாரில் நிற்கும் ஐந்தில் ஒரு குதிரைவலு கொம்பிரசர்கள் பல பெயர்களில் வருகின்றன. உள்ளே எல்லாம் அண்ணன் தம்பிகள்தான். இதற்குத்தான் முதலில் காசு ஒதுக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கட்சி. பேனா எதுவானாலும் பிறகு மாற்றலாம்.

இனி நம்மூர்க் காற்று.

கச்சான் என்றால் யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவருக்கு நிலக்கடலை மட்டும் நினைவுக்கு வரலாம். கிழக்குக் கரையில் அது ஒரு காற்றின் பெயரும். வைகாசி முடிந்து ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும். காய்ந்த, சூடான, மனிதரைச் சிடுசிடுக்க வைக்கும் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் ஏறும்போது குளிர்ந்து தன் ஈரத்தை அற்றனிலும் நுவரெலியாவிலும் மழையாகக் கொட்டிவிடுகிறது. மீந்த காற்று இந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்க மேலே உள்ள காற்றின் பாரம் அதை அமுக்குகிறது; அமுக்கினால் சூடேறும், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை. ஏறும்போது மழை பெய்ததால் வெளிப்பட்ட வெப்பமும் அதனுள்ளேயே இருக்கிறது. ஆகவே ஏறினபோது இருந்ததைவிடச் சூடாக, வெறுமையாக நம்மிடம் வந்து சேர்கிறது.

சைக்கிள் பம்பின் அடி கையைச் சுடுவதும் இதே காரணத்தால்தான். மலையின் இறக்கத்தில் நடப்பது கொம்பிரசரின் உருளைக்குள்ளும் நடக்கிறது.

கச்சான் நாளில் எயார்பிரஷுக்குத் தொல்லை நுனியில். வெளியே பறந்த துளிகள் வழியிலேயே உலர்கின்றன. துளியின் விட்டம் பாதியானால் அது உலரும் நேரம் காற்பங்காகும். ஆக நாம் ஆசைப்பட்டு மெலிதாக்கிய துளிதான் முதலில் சாகும். கப்பலில் போய்ச் சேர்வது நிறம் அல்ல, நிறத்தூள். தடவிப் பார்த்தால் உப்புத்தாள் போல இருக்கும். ஊசி நுனியிலும் ஒரு பொட்டு காய்ந்து நிற்கும். தாரை ஒரு பக்கம் கோணும், பிறகு நிற்கும், பிறகு திடீரென்று ஒரு கட்டி வெளியே துப்பும். புதிதாகப் பழகுகிறவர் கருவி பழுது என்று நினைத்து அழுத்தத்தைக் கூட்டுவார். செய்ய வேண்டியது நேர்மாறு. அழுத்தத்தைக் குறைத்து, பொருளுக்கு நெருங்கி வந்து, பார்மசியில் வாங்கிய கிளிசரினில் ஒரு துளியை நிறத்தில் கலக்க வேண்டும். அக்ரிலிக் நிறத்துக்குச் சொல்கிறேன். ஒரு துளி என்றால் ஒரு துளி. கூடினால் நிறம் நாள்கணக்கில் ஒட்டும். அதைவிட எளிய வைத்தியம், விடியற்காலையில் அடிப்பது. கச்சான் எழும்ப முன் உள்துறைமுகம் கண்ணாடி மாதிரிக் கிடக்கும் நேரம் ஒன்று இருக்கிறது.

ஐப்பசி தொடங்கினால் தொல்லை வேறு இடத்துக்கு மாறுகிறது. இந்த மாவட்டத்து மழையில் பெரும்பகுதி தைக்குள் பெய்து தீரும் காலம் அது. வாடை வங்காள விரிகுடாவின் ஈரத்தை நேரே கொண்டுவந்து வீட்டுக்குள் விடும். 28 பாகையில் ஒரு கனமீட்டர் வெளி அதிகமாகப் பிடிக்கக்கூடிய நீராவி 27 கிராம். 85 வீத ஈரப்பதம் என்றால் 23 கிராம் உள்ளே இருக்கிறது. கொம்பிரசர் அந்தக் கனமீட்டரை வளிமண்டலத்துக்கு மேல் 3 பாருக்கு அமுக்கினால் அது காற்பங்கு இடத்துக்குள் ஒடுங்கும். சூடு ஆறிப் பழைய 28 பாகைக்கு வந்ததும் அந்தச் சின்ன இடம் தாங்குவது 7 கிராம்கூட இல்லை. மீதி 16 கிராம் எங்கே போகும்? தண்ணீராகத் தொட்டியிலும் குழாயிலும் நிற்கும். நிமிடத்துக்கு 15 லீற்றர் வீதம் ஒரு மணித்தியாலம் அடித்தால் 900 லீற்றர் காற்று. ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர். கச்சான் நாளில், 35 பாகையும் 45 வீத ஈரப்பதமும் என்றால், இதே கணக்கில் பாதிதான் வரும்.

அந்த மேசைக்கரண்டியில் ஒரு சொட்டு நிறத்தோடு சேர்ந்து வெளியே வந்தால் போதும். பக்கத்து வளவில் ஒரு தம்பி இருக்கிறார். ஹெல்மெற்றுகளுக்குத் தீச்சுவாலை அடிப்பார், கொட்பேயில் கட்டும் பைபர் போட்டுகளின் அணியத்தில் பெயர் எழுதுவார். ஒரு கார்த்திகை மாதம் கறுப்பு ஹெல்மெற்றில் நீலத்தை மங்க விட்டுக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கருவி ஒருமுறை விக்கியது. நீலத்தின் நடுவே மிளகளவு வட்டம் ஒன்று, விளிம்பு கறுத்து, நடு வெளுத்து விரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஹெல்மெற்றைக் கீழே வைத்து, குழாயைக் கழற்றி, உயர்த்திப் பிடித்தார். அதன் வாயிலிருந்து துளித்துளியாக ஒழுகியது.

“வடிகட்டி போட்டிருக்குத்தானே அண்ணை” என்றார். போட்டிருந்தார், ஆனால் கொம்பிரசரின் கழுத்திலேயே. அங்கே காற்று இன்னும் சூடு. சூடான காற்று தன் நீராவியை விடாமல் வைத்துக்கொண்டு வடிகட்டியைத் தாண்டிவிடும்; மூன்று மீட்டர்க் குழாயில் ஆறிய பிறகுதான் தண்ணீராகும், அதைப் பிடிக்க அங்கே ஆள் இல்லை. வடிகட்டியைக் குழாயின் மறுமுனைக்கு, கைக்குப் பக்கத்தில் மாற்றினோம். பேனாவின் அடியிலேயே திருகும் சிறு வடிகட்டிகளும் கிடைக்கின்றன. திருகோணமலையில் இருக்கிறவருக்கு அது ஆடம்பரமல்ல. தொட்டி கொஞ்சம் பெரிதாக இருப்பதும் இதனால் நல்லதே, காற்று அங்கே இளைப்பாறி ஆறும்.

பேனாவுக்கு வருவோம். வரலாற்றில் இது நிறையக் கை மாறிய பொருள். 1876இல் அமெரிக்கரான பிரான்சிஸ் ஸ்ரான்லி நிறம் தெளிக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். பின்னாளில் தன் இரட்டைச் சகோதரரோடு சேர்ந்து நீராவிக் கார் செய்து பெயர் வாங்கியவர் அவரே. 1879இல் ஆப்னர் பீலர் தன் பட்டறையில் ஒன்றை உருவாக்கினார். அதன் உரிமையை வாங்கி, திருத்தி, விற்பனைக்குக் கொண்டுவந்தவர் லிபர்டி வாக்கப். 1890களில் சார்ள்ஸ் பேர்டிக் செய்த கருவி இன்றைய பேனாவுக்கு நெருங்கிய உறவு. நூறு வருடத்துக்கு மேலாக அடிப்படை மாறவில்லை என்பது காசு குறைந்தவருக்கு நல்ல செய்தி: மலிவான பேனாவும் அதே வேலையைத்தான் செய்கிறது, நுணுக்கம்தான் குறைவு.

விசையில் இரண்டு வகை. ஒற்றைச் செயலில் அழுத்தினால் நிறமும் காற்றும் சேர்ந்தே வரும். நிறத்தின் அளவை முன்கூட்டியே திருகி வைக்க வேண்டும். இரட்டைச் செயலில் அழுத்தினால் காற்று, பின்னுக்கு இழுத்தால் நிறம். பழக எளிது என்று ஒற்றையை வாங்கச் சொல்கிறவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். இரட்டை பழக ஒரு வாரம் போகும். ஒற்றையை வாங்கினவர் ஆறு மாதத்தில் இரட்டையையும் வாங்குவார். கிண்ணம் மேலே இருப்பது நல்லது. நிறம் தன் பாரத்திலேயே இறங்குவதால் குறைந்த அழுத்தம் போதும், கடைசிச் சொட்டு வரை பயன்படும். கீழே போத்தல் தொங்கும் வகை ஒரே நிறத்தை நிறைய அடிக்கிற வேலைக்கு.

துளை அளவில்தான் பலர் வழுக்குவார்கள். 0.2 என்றால் நுணுக்கம் கூட என்று நினைப்பு. 0.5 துளையின் வாய்ப்பரப்பு 0.3இனதைப்போல 2.8 மடங்கு, பிசுக்கான திரவம் ஒடுங்கிய குழாயில் ஓடும் அளவோ ஆரத்தின் நாலாம் அடுக்கில் போகும், அந்தக் கணக்கில் 7.7 மடங்கு. மூக்கு குட்டையானது, உண்மை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். எப்படியும் 0.2 மூக்கு, நிறத்தைத் தண்ணீராகக் கரைக்கும்வரை அடம்பிடிக்கும்; கச்சான் அடித்தால் கேட்கவே வேண்டாம். மினுங்கும் நிறங்களின் செதில்கள் அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மாதிரிக் கப்பலும் கொஞ்சம் படமும் என்றால் 0.3 அல்லது 0.35. ஹெல்மெற்றும் படகின் பெயரும் என்றால் 0.5. இவாட்டாவின் நியோ 0.35, பேட்ஜரின் பேட்ரியட் 0.5, விலை கைமீறாத நல்ல பெயர்களில் இவை இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. எண் மட்டுமே பெயராக வரும் மலிவுப் பேனாக்களில் மூக்கு தினையளவு. திருகிப் பூட்டுவது. அதைக் கொஞ்சம் கூட இறுக்கினால் கழுத்து முறிந்துவிடும். நானே ஒன்றை முறித்தேன். ஆகவே அவற்றை வாங்கினால் கூடவே ஒரு மூக்கும் ஊசியும் வாங்குங்கள், கொழும்பிலிருந்து பார்சல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்காமல் இருக்கலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டிய நாட்களில், உதிரிப்பாகத்தைத் தள்ளிப் போட்டவர்கள் இரண்டு மடங்குக்குக் கிட்டக் கொடுத்தார்கள்.

முதல் பத்து மணித்தியாலத்துக்கு நிறமே வேண்டாம். தண்ணீரில் உணவுச் சாயம் கலந்து பழைய பத்திரிகையில் கோடு இழுக்கலாம். காற்றோடு தொடங்கிக் காற்றோடு முடிக்க வேண்டும். நிறம் அதற்கு நடுவில் வந்து போகும் விருந்தாளி. நிறத்துக்கு வரும்போது பதம், பால்மாவைத் தேநீருக்குக் கரைக்கிற பதம். கட்டி இருக்கக் கூடாது, கிண்ணத்தின் சுவரில் பூசினால் மெல்லிய படலம் விட்டு வழிய வேண்டும்.

இன்னுமொன்றை மறந்து இந்தப் பகுதியை முடிக்க முடியாது. 10 மைக்ரோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட துளி மூக்குமயிருக்கு அடங்காது, நுரையீரலுக்குப் போகும். தண்ணீரில் கரையும் நிறத்துக்குத் தூசியைத் தடுக்கும் முகமூடி போதும். தின்னரின் ஆவியை அது தடுக்காது, அதற்குக் கரி அடைத்த முகமூடி வேண்டும். வாகனங்களுக்கு அடிக்கும் இரண்டு கலவைப் பூச்சில் ஐசோசயனேற்று இருக்கிறது, அது ஆஸ்துமாவை உண்டாக்கும். கடதாசி முகமூடியோடு, கதவைச் சாத்திக்கொண்டு, அதைப் பழக வேண்டாம். அந்தத் தம்பியிடம் இதை மூன்று முறை சொல்லிவிட்டேன். நாலாவது முறை அவருடைய அம்மாவிடம் சொன்னேன், அது வேலை செய்தது.

ஹேர்மிஸ் இப்போது என் அலுமாரியில் நிற்கிறது. ஓடுதளத்தில் அம்மைத் தழும்பு இன்னும் தெரியும். சுரண்டி மறுபடி அடிக்க மனம் வரவில்லை. கொம்பிரசர் மேசைக்கு அடியில். வாடைக் காலத்தில் வேலை முடிந்ததும் தொட்டியின் அடியிலுள்ள திருகைத் திறப்பேன். உஸ்ஸென்று சீறி, துருநிறத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் சிரட்டையில் விழும். அதை முற்றத்துச் செவ்வரத்தையின் அடியில் ஊற்றிவிட்டுத்தான் டச்பே பக்கம் நடப்பேன்.